பதினோராம் பாகத்தில் வரும் அம்மா

ஜூன் 9, திங்கள்

இடது கணுக்காலில் எலும்பு முறிவு. வெள்ளிக்கிழமை காலை, பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துப் படியில் வழுக்கினேன். ஆறு வாரம் மாவுக்கட்டு, காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் முப்பத்தொரு வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவள் நான். படுத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாடிப்படி ஏற முடியாது. அதனால் கீழே மிருதுளாவின் அறையில் என்னைப் படுக்க வைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். கூடத்திலேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன்.

“கூடத்துல கட்டிலப் போட்டா வாரவுக போறவுகல்லாம் எங்க உக்காருவாவ? அந்த ரூமு சும்மாதான கெடக்கு” என்றார்.

சும்மாதான் கிடக்கிறது. மிருதுளா எங்கள் ஒரே பெண். போன அக்டோபரிலிருந்து கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

இந்த நாட்குறிப்பு மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. இதுவரை கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்த தேதிகள் மட்டும்தான் இதில் இருந்தன.

ஜூன் 10, செவ்வாய்

மத்தியானம் இவர் தேங்காய்ப்பால் சொதி வைத்தார். நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஜூன் 11, புதன்

பேப்பரை இரண்டு தடவை படித்தாகிவிட்டது. வரி விளம்பரம் வரைக்கும்.

கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் பத்துப் புத்தகங்கள் ஒரே அளவில் வரிசையாக இருக்கின்றன. ஜப்பான்காரர்களின் படக்கதை, ஆங்கிலத்தில். இதற்குப் பெயர் மாங்கா என்று மிருதுளா ஒருதடவை சொன்னபோது இவர், “மாங்காயா? உப்பு மொளகா தொட்டுக்கிடலாமா?” என்று கேட்டு அவளை ஒரு வாரம் கேலி செய்தார்.

கைக்கு எட்டிய ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒருவன் அழுகிறான். அடுத்த பக்கத்தில் அவனுக்குக் கெட்ட செய்தி வருகிறது. அதற்கடுத்த பக்கத்தில் சிரித்துக்கொண்டே வீட்டிலிருந்து கிளம்புகிறான். தலையும் இல்லை, வாலும் இல்லை. மூடி வைத்துவிட்டேன். இதற்காகவா பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் காத்துக்கிடந்தாள்?

ஜூன் 12, வியாழன்

நான் முதல் பக்கம் என்று நினைத்தது கடைசிப் பக்கமாம். அதிலேயே அச்சடித்திருக்கிறார்கள்: ‘நில்லுங்கள், தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறீர்கள்.’ வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். மருந்துச் சீட்டில் எந்த எழுத்தையும் விடாமல் படிக்கிறவள் இதைக் கவனிக்கவில்லை.

முதல் பாகத்தை எடுத்து முறையாக ஆரம்பித்தேன். சயோகோ என்று ஒரு பெண். சின்ன ரயில் நிலையம் ஒன்றில், பயணிகள் தொலைத்த பொருள்களைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்க்கிறாள். ரியோஜி என்று ஒருத்தன், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். வாரத்துக்கு ஒரு குடையை ரயிலில் விட்டுவிட்டு வந்து நிற்கிறான். படிவம் நிரப்பாமல் அவள் கொடுக்க மாட்டாள். அவன் படிவத்தில் குடையின் நிறத்தைத் தப்பாக எழுதுகிறான். மறுபடியும் நிரப்பச் சொல்கிறாள்.

அவள் செய்வது சரிதான். விதி என்றால் விதி.

ஜூன் 14, சனி

இரண்டாம் பாகம். கொட்டுகிற மழையில் ரியோஜி வந்து, கண்ணெதிரே இருக்கும் தன் குடையைக் கேட்கிறான். அலுவலக நேரம் முடிந்து இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்கிறாள் சயோகோ. கடிகாரத்தைக் காட்டுகிறாள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் மிருதுளா பென்சிலால் எழுதியிருக்கிறாள்: ‘அம்மாவேதான்.’

எந்த அம்மா என்று போடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாம் பாகம். நான்காம் பாகம். குளிக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

மூன்றாம் பாகத்தைத் திரும்பவும் படித்தேன். ரியோஜி இந்தத் தடவை விட்டுவிட்டுப் போவது ஒரு சாப்பாட்டு டப்பா. உள்ளே இரண்டு சோற்று உருண்டையும் ‘இது உங்களுக்குத்தான்’ என்று ஒரு சீட்டும். யாராவது உரிமை கோரி வரும்வரை எந்தப் பொருளையும் தொடக்கூடாது என்பது விதி. பசியோடு இருந்தும் சயோகோ டப்பாவைப் பதிவேட்டில் ஏற்றி அலமாரியில் வைக்கிறாள். மூன்றாம் நாள் கெட்டுப்போன சோற்றைக் கொட்டும்போது, ‘அப்புறப்படுத்தக் காரணம்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கத்தில் வசனமே கிடையாது. அவளுடைய கையை மட்டும் வரைந்திருக்கிறார்கள்.

இதை நகைச்சுவைக் கதை என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். நகைச்சுவைதான். ஆனாலும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு இவர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மொட்டை மாடிக்குப் போனார். மாடியில் இருப்பது நான்கு தொட்டி. நாற்பது நிமிடம் ஊற்றுகிறார். போகும்போது போனையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார். செடிக்கு என்ன பேச்சுத் துணையோ.

ஜூன் 20, வெள்ளி

பத்தாம் பாகத்தையும் முடித்தேன். ரியோஜி குடையை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறான் என்பது ஐந்தாம் பாகத்திலேயே சயோகோவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள ஐந்து பாகம் எடுத்துக்கொள்கிறாள். பத்தாம் பாகத்தின் கடைசியில் அவனுடைய பட்டறைக்குப் போகிறாள், பேசாமல் திரும்பிவிடுகிறாள். வாசலில் ஒரு குடை சாத்தியிருக்கிறது. அவளுடையது. மறந்து வைத்தது இல்லை.

“அப்படிப் போடு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அடுக்களையிலிருந்து இவர் எட்டிப் பார்த்தார்.

“என்னட்டி, கால் வலிக்கா?”

“ஒண்ணுமில்ல. பதினொண்ணாவது எங்க?”

“எது பதினொண்ணாவது?”

அவர் என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

ஜூன் 23, திங்கள்

டாக்டரிடம் போய் வந்தோம். எலும்பு சேர்ந்து வருகிறதாம். மருந்தகத்தில் எனக்குப் பதிலாக நிற்கும் பெண் போன் செய்து, குளிர்சாதனப் பெட்டிச் சாவி எங்கே என்று கேட்டாள். மேசையின் இரண்டாவது இழுப்பறை.

ஜூன் 24, செவ்வாய்

மத்தியானம் கூரியர் வந்தது. மிருதுளா பெயருக்கு ஒரு பார்சல். போன வருடமே முன்பதிவு செய்திருக்கிறாள் போல, இந்த விலாசத்தைக் கொடுத்து. அமுக்கிப் பார்த்தாலே தெரிகிறது, பதினோராம் பாகம்.

“அவளுக்கு அனுப்பி வச்சிருவமா?” என்று இவர் கேட்டார். எட்டு மாதத்தில் இந்த வீட்டில் ‘அவள்’ என்ற சொல்லை என் முன்னால் அவர் சொன்னது இதுதான் முதல் தடவை.

“அங்கன வைங்க. பாக்கலாம்” என்றேன்.

மேசை மேல் வைத்தார். கட்டிலிலிருந்து கை எட்டும் தூரம்.

ஜூன் 25, புதன்

பிரித்துவிட்டேன். படித்துவிட்டேன். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றேகாலுக்கு முடிந்தது. இப்போது மணி நான்கு. இன்னும் ஆறவில்லை.

பத்துப் பாகமாக ஒரு பெண் வாயைத் திறக்காமல் தவித்து, கடைசியில் ஒரு குடையைச் சாத்திவிட்டு வருகிறாள். அதற்கு அவன் என்ன பதில் சொல்கிறான் என்று பார்க்கத்தானே அடுத்த பாகம்? சொல்லவே இல்லை. முதல் அறுபது பக்கம் ரயில் நிலையத்து ஊழியர்கள் எல்லாரும் வெந்நீர் ஊற்றுக்குச் சுற்றுலா போகிறார்கள். ஒருத்தர் மேல் ஒருத்தர் வழுக்கி விழுகிறார்கள். வழுக்கி விழுவதில் சிரிக்க ஒன்றுமில்லை, நான் சொல்கிறேன். பிறகு ரியோஜியின் பால்ய சிநேகிதி என்று ஒருத்தி வந்து இறங்குகிறாள். பத்துப் பாகத்தில் அவளைப் பற்றி மூச்சு விட்டது கிடையாது. கைகளைக்கூட அவசரத்தில் வரைந்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் சயோகோவுக்கு ஆறு விரல் மாதிரித் தெரிகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நூற்றிருபதாம் பக்கத்தில் ஊரிலிருந்து சயோகோவின் அம்மா வருகிறாள். சயோகோ அவளிடம் ரியோஜியைப் பற்றி முதல்முதலாக வாயைத் திறக்கிறாள். அம்மா, ‘வேண்டாம்’ என்கிறாள். அவ்வளவுதான். மகள் ‘சரி’ என்று சொல்லிவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். கடைசிப் பக்கத்தில் மழை பெய்கிறது. தொடரும்.

அந்த அம்மாவுக்கு முகம் கிடையாது. நான்கு பக்கத்தில் ஒன்பது படத்தில் வருகிறாள். எதிலும் கண் வரையவில்லை. ஒரு வாய், ஒரு கழுத்துப்பட்டி, மடியில் ஒரு கைப்பை. தெருவில் போகிற நாய்க்கெல்லாம் இரண்டு கண் வரைந்திருக்கிறவர்களுக்கு ஒரு தாயாருக்கு வரைய மை இல்லையா? அவள் ஏன் வேண்டாம் என்றாள்? அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கக் கூடாதா? காரணம் இல்லாமல் எந்த அம்மாவாவது அப்படிச் சொல்வாளா?

சாயங்காலக் காபியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

இரண்டாம் தடவை படித்தேன். இன்னும் மோசமாக இருந்தது.

ஜூன் 28, சனி

கதை எழுதியவர் எழுதாவிட்டால் என்ன, அந்த அம்மாவின் காரணத்தை நாமே எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியது. பொழுதும் போக வேண்டும்.

ரியோஜிக்கு நிலையான வேலை இல்லை. ஆனால் இருப்பதை வைத்து நன்றாகத்தான் இருக்கிறான், அவளுக்கும் சம்பளம் வருகிறது. அடித்துவிட்டேன்.

மறதிக்காரன். அதுவும் நிற்காது. என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவர். அவரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

வேறு சாமி கும்பிடுகிறவன், வேறு ஆட்கள். கதையில் அப்படி எதுவும் இல்லை. அடித்துவிட்டேன்.

ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்கள், முக்கியமாக அண்ணன் என்ன சொல்வார். சயோகோவின் அம்மாவுக்கு அண்ணனே கிடையாது. இது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அடித்துவிட்டேன்.

மகள் போய்விட்டால் சாயங்காலம் ஐந்தரைக்குக் கதவைத் திறந்துகொண்டு யாரும் வர மாட்டார்கள்.

இதை அடிக்கவில்லை. ஆனால் இது ஒரு காரணமா என்ன.

ஜூலை 1, செவ்வாய்

கேஸ் பதிவு செய்தது.

ஜூலை 2, புதன்

ஐந்தரைக்கு இவர் மாடிக்குக் கிளம்பினார். கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

“புஸ்தகம் வந்தது அவளுக்குத் தெரியுமா?”

“யாருக்கு?”

“நாலு தொட்டிக்கு நாப்பது நிமிசம் தண்ணி ஊத்துதியளே, அதுல எந்தச் செடின்னு நான் கேக்கணுமா?”

கையிலிருந்த போனைக் கட்டில் மேல் வைத்தார். பிறகு, “தெரியும். சொன்னேன்” என்றார். “நீ பத்துப் பாகமும் படிச்சதையும் சொன்னேன். நம்பவே மாட்டேன்னுட்டா. நீ படிச்சிக்கிட்டு இருக்கும்போது கதவு மறைவுல இருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்பத்தான் நம்பினா.”

“கால் ஒடிஞ்சது தெரியுமா?”

“அன்னைக்கே தெரியும். பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டா. நான்தான் இப்ப வேண்டாம்னு தடுத்துட்டேன்.”

“ஏன்?”

“வாசல்ல வந்து நின்னா நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியலியே, வடிவு.”

முப்பது வருடமாக என் கூடவே இருக்கிறவர். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

காலை பத்து மணிக்கு மிருதுளாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவள் எண் என் போனில் அப்படியேதான் இருக்கிறது. என்ன எழுதுவது என்று ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுக் கடைசியில் இவ்வளவுதான்: ‘பதினோராம் பாகம் வந்தது. பிரித்துவிட்டேன். நன்றாக இல்லை.’

பத்து இருபதுக்கு இரண்டு நீலக் குறி வந்தது. பார்த்துவிட்டாள்.

பதினொன்று. பன்னிரண்டு. பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேசப் பயிற்சி கொடுக்கும் வேலை அவளுக்கு. வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டாள். எனக்குத் தெரியும்.

ஒன்று பத்துக்குப் பதில் வந்தது.

‘கதையச் சொல்லிராதீங்கம்மா. நான் இன்னும் படிக்கல.’

ஒன்பது மாதம் ஆகிறது. மத்தியானச் சாப்பாட்டில் உப்பு இருந்ததா என்று இவர் கேட்டார். சாப்பிட்டதே நினைவில்லை.

ஜூலை 5, சனி

சொல்லவில்லை. ஆனால் ‘அறுபது பக்கத்தைத் தாண்டிப் பொறுமையாகப் போ’ என்று மட்டும் அனுப்பினேன். அது கதையைச் சொன்னதாகாது. அவள், ‘அம்மா!!!’ என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தாள். கோயம்புத்தூர்க் கடையில் இன்னொரு பிரதி வாங்கப் போகிறாளாம். என்னிடம் இருப்பதை நானே வைத்துக்கொள்ளலாமாம்.

ஜூலை 9, புதன்

மிருதுளா போன் செய்தாள். போனில் அவள் பெயரைப் பார்த்ததும் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

‘எப்படி இருக்க’ என்று நான் கேட்கவில்லை. ‘கால் எப்படி’ என்று அவளும் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், “அந்தப் பால்ய சிநேகிதி எதுக்கும்மா?” என்றாள்.

“அதத்தான் நானும் கேக்கேன். பத்துப் பாகமா எங்க இருந்தா அவ?”

“வெந்நீர் ஊத்து அதவிட மோசம்.”

“ஆறு விரல் பாத்தியா?”

“பாத்தேன்ம்மா. தொண்ணூத்தி ரெண்டாம் பக்கம்.”

இப்படியே கால் மணி நேரம் திட்டினோம். இருவரும் சேர்ந்து ஒரு ஆளைத் திட்டி ரொம்ப நாளாயிற்று. அவள் குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. சளியாக இருக்கலாம். நான் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன், அந்த அம்மாவைப் பற்றி எடுக்கும் வரை.

“எல்லாத்தையும்விட அந்த அம்மாதான் எனக்குப் பொறுக்கல” என்றேன். “ஒரு கண்ணுகூட வரையாம விட்டிருக்கான். பெத்தவளுக்கு மொகம் வேண்டாமா?”

அவள் மெதுவாக, “எனக்கு அந்த எடம் மட்டும் சரியா வந்திருக்குன்னு தோணுச்சும்மா” என்றாள்.

“எப்படிச் சரி?”

“சயோகோ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லுதா. அந்தம்மா அவளப் பாக்கவே இல்ல, ஒரு படத்துலகூட. பாக்காதவங்களுக்குக் கண்ணு எதுக்கு?”

அந்தப் பக்கம் ஒரு குழந்தை ‘ப, ப’ என்று சொல்லும் சத்தம் கேட்டது. “சரிம்மா, எனக்கு அடுத்த பிள்ளை வந்துட்டு” என்று வைத்துவிட்டாள்.

அவள் புத்தகத்தைப் பற்றித்தான் சொன்னாள்.

ஜூலை 10, வியாழன்

அன்றைக்கு நான் இட்லிக் கொப்பரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்டோபர் ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அடுக்களை வாசலில் வந்து நின்று, “அம்மா, ஜெரின்னு ஒருத்தர்” என்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், மார்த்தாண்டத்துக்காரர், கிறிஸ்தவர். முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை குழாயை நான் நிறுத்தவில்லை. “வேண்டாம்” என்றேன். “இந்தப் பேச்ச இன்னொரு தடவ இந்த வீட்டுல எடுக்காத.”

ஒன்பது மாதமாக நான் அவளிடம் எவ்வளவோ எடுத்துச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நிதானமாக, காரண காரியத்தோடு. இவரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இன்று எவ்வளவு யோசித்தாலும் அந்த இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் அன்று என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதும் நினைவுக்கு வரவில்லை. நான் திரும்பவே இல்லை. கொப்பரைத் தட்டில் நான்காவது குழியில் மாவு ஒட்டியிருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். தலைத் தீபாவளி வந்தது, போயிற்று. கேட்டவர்களுக்கெல்லாம் மிருதுளா வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருக்கிறாள் என்று சொன்னேன். தென்காசியில் இருக்கும் அண்ணனிடமும் அதையேதான் சொன்னேன். பொய் இல்லை. வேலையும் பார்க்கிறாள்.

ஜூலை 12, சனி

மிருதுளாவுக்கு அனுப்பியது: ‘நீ சொன்னது சரி. அந்த அம்மா திரும்பிப் பார்த்திருக்க வேண்டும்.’

நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் வந்தது. ‘பன்னிரண்டாம் பாகம் டிசம்பர்ல வருதாம்மா. அதுல ஒருவேளை பாப்பாங்க.’

‘டிசம்பர் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்’ என்று அடித்தேன். அனுப்பினேன். அனுப்பிய பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

இவர் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு, “ஆடி ஒண்ணு” என்றார். கல்யாணம் ஆன பெண்ணையும் மாப்பிள்ளையையும் முதல் ஆடிக்கு வீட்டுக்கு அழைப்பது எங்கள் பக்கத்து முறை. அதை அவர் சொல்லவில்லை. தாளைக் கசக்கிக்கொண்டே நின்றார்.

“ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க” என்றேன்.

“யார?”

“ரெண்டு பேரையும்தான்.”

“நீ சொல்லேன். நீதான் இப்ப புஸ்தகம் புஸ்தகம்னு எந்நேரமும் அவட்ட பேசுதியே” என்றார். பிறகு மாடிக்குப் போனார். காலை எட்டு மணிக்கு யார் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்? கீழே வந்தபோது கண் சிவந்திருந்தது.

நான்தான் சொன்னேன். “சரிம்மா” என்றாள். “ஜெரின்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்” என்றாள். இரண்டு நிமிடத்தில் திரும்ப அழைத்து, “வாரோம்” என்றாள்.

ஜூலை 18, வெள்ளி

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் சூம்பிப்போய், வேறு யாருடைய காலையோ ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. கைத்தடியோடு நடக்கலாம், மெதுவாக.

ஜூலை 20, ஞாயிறு

காலை ஏழரைக்கு ஆட்டோ வந்து நின்றது. நான் கூடத்து நாற்காலியில் இல்லாமல் வாசலில் நின்றேன். டாக்டர் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம் என்றிருந்தார். இருபது நிமிடம் ஆகிவிட்டது.

மிருதுளா மெலிந்திருக்கிறாள். பச்சைச் சுடிதார், காதில் சின்ன வளையம், முடியைத் தோள் வரை வெட்டியிருக்கிறாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு பரு. கிட்டே வந்து நின்று, “ஏம்மா நிக்கீங்க, கால் வீங்கிராதா?” என்றாள். அவ்வளவுதான் பேசினாள். என் கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டு தன் தோளைக் கொடுத்தாள்.

ஜெரின் பையோடு ஆட்டோ பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். மூன்றாவது தடவை, “மாமி” என்றார். எங்கள் பக்கம் அத்தை என்பார்கள். அவர்கள் ஊரில் மாமிதானாம். மாமி என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு: அவியல், சொதி, இஞ்சித் துவையல், பால் பாயசம். சமைத்தது முழுக்க இவர். நான் நாற்காலியில் உட்கார்ந்து உப்புப் பார்த்தேன். ஜெரின் மூன்று தடவை சொதி வாங்கினார். பிறகு என் காலைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டை எடுத்துப் பாதத்துக்கு அடியில் போட்டு, விரலால் சுருட்டச் சொன்னார். “பத்து தடவ மதி மாமி. வேகமா செய்யண்டாம்.” மதி என்றால் அவர்கள் ஊரில் போதும். பையன்களுக்கு அடிபட்டால் இதைத்தான் செய்யச் சொல்வாராம். அவர் தரையில் உட்கார்ந்து எண்ணினார். ஏழில் நிறுத்திவிட்டேன். “மூணு பாக்கி” என்றார். வேலையில் கண்டிப்பானவர் போல. செய்தேன்.

மத்தியானம் பேச்சு தடைப்பட்டது. நான்கு பேரும் கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்க வேண்டியதை எல்லாம் எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு என்பதை எப்படிச் சொல்வது என்றும் எனக்குப் பழக்கம் இல்லை. அடுக்களைக்குப் போன மிருதுளாவின் பின்னால் போய், “அன்னைக்கு நீ சொன்னத நான் முழுசாக் கேக்கல” என்றேன். அவள் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். “இப்பக் கேட்டா சொல்லுவியா?” என்றேன்.

சொன்னாள். நின்றுகொண்டே, முக்கால் மணி நேரம். எங்கே பார்த்தார்கள், யார் முதலில் பேசியது, ஒருதடவை சண்டை போட்டு மூன்று மாதம் பேசாமல் இருந்தது. நடுவில் அழுதாள். நானும்தான். இதில் எழுத ஒன்றுமில்லை.

கூடத்துக்கு வந்தபோது ஜெரினிடம், “நீங்க இந்தக் கதையெல்லாம் படிப்பியளா?” என்று கேட்டேன்.

அவர் மிருதுளாவைப் பார்த்தார். பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தவர் போல, “முதல் பாகம் மட்டும் படிச்சேன் மாமி. ஒருத்தன் குடைய விடுதான், எடுக்கான், விடுதான், எடுக்கான். எனக்கு உறக்கம் வந்துட்டு” என்றார்.

“மூணாம் பாகம் வரைக்கும் பொறுக்கணும்” என்றோம் நானும் மிருதுளாவும். ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில். இவர் பாயசத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாளாயிற்று.

சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். நாளைக்கு இருவருக்கும் வேலை.

ஜூலை 22, செவ்வாய்

வேலைக்குத் திரும்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது. அதற்குள் ஒன்றை முடிக்க வேண்டும் என்று காலையிலேயே தென்காசிக்குப் போன் செய்தேன். அண்ணன் ஆறுமுகநயினாருக்கு எழுபத்திரண்டு வயது, தலைமையாசிரியராக இருந்தவர். எங்கள் குடும்பத்தில் எந்தக் காரியமும் அவருக்குத் தெரியாமல் நடந்தது இல்லை. இந்த ஒன்றைத் தவிர.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தபோது ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

“வீட்டுக்கு ஆள் வந்திருந்தாவ, அண்ணாச்சி.”

“யாரு?”

“மிருதுளாவும் மருமகனும்.”

சுவரில் இருந்த பல்லி குழல்விளக்குக்குப் பின்னால் போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் பேச வேண்டும் என்று புரிந்தது. ஜெரின் பெயர், ஊர், வேலை, எந்தக் கோயிலுக்குப் போகிறவர், அக்டோபரில் நான் சொன்னது, நான் மறைத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

“சொல்லிட்டியா?” என்றார் அண்ணன். “முடிஞ்சிட்டா?”

“முடிஞ்சிட்டு.”

“எனக்குத் தெரியும்ட்டி. கல்யாணத்துக்கு மொத நாளே ஒம்மவ எனக்குப் போன் போட்டுச் சொல்லிட்டா.”

“நீங்க என்ன சொன்னிய?” என்று கேட்டேன்.

“பெரிய மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்கன்னா. நல்லா இருன்னேன். வேற என்னத்தச் சொல்லுவாவ? நீயா வந்து சொல்லுவன்னு இருந்தேன். ஒம்பது மாசம் ஆக்கிட்ட.” கொஞ்சம் இருமினார். பிறகு குரல் பழைய தலைமையாசிரியர் குரலாக மாறியது. “தல ஆடிக்கு வந்த மாப்பிள்ளைய வெறும் பாயசத்தக் குடுத்து அனுப்பிட்டியாக்கும்? ஒரு வேட்டி எடுத்துக் குடுக்க ஒனக்குத் தோணல? அந்தப் பையன் என்ன நெனைப்பான் நம்ம குடும்பத்தப் பத்தி?”

தோன்றவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

“சரி, வெலாசத்தச் சொல்லு. நான் எடுத்து அனுப்புதேன்.”

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மிருதுளா சொல்லியிருந்த கோயம்புத்தூர் வீட்டு எண், தெரு, எந்த முக்கில் திரும்ப வேண்டும், பின்கோடு. அண்ணனுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரியையும் அவர் வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதிக்கொண்டார்.